தாய்மாமன் சொல்

தீவு
9 ஏப்ரல் 1996

லாமெக்,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத இப்போது மனசில்லை. உன்மேல் கோபமாக இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏரி தாண்டும் திங்கட்கிழமைக் கப்பலில், ஆடுகளுக்கும் மரவள்ளி மூட்டைகளுக்கும் நடுவில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, வழி முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டு உன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். நீ மயேசோவின் சட்டையைக் கழற்றச் சொன்னாய். முதுகில் அந்தக் குழலை வைத்து, பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்கிறவன் மாதிரி அங்கும் இங்கும் கேட்டாய். பிறகு, "சளி இருக்குக்கா. இப்ப மயக்க முடியாது. ஆறு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வா" என்றாய். அவ்வளவுதான். அடுத்த கப்பல் வரும்வரை உன் வீட்டில் ஒரு வாரம் உட்கார்ந்து உன் மனைவி சமைத்த ந்சிமாக் களியைத் தின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

பிள்ளைக்கு ஏழு வயது. அடிவயிற்றில் அந்தக் குடலிறக்கம் இருமினால் முட்டை அளவுக்குப் பிதுங்குகிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது. பள்ளிக்கூடத்தில் அவனை "முட்டை போடுற சேவல்" என்று கூப்பிடுகிறார்கள். அதைச் சரிசெய்வது சின்ன வேலை என்று உங்கள் சர்ஜனே சொன்னார். சின்ன வேலைக்குப் பெரிய தடை நீதான்.

படகுத்துறையில் இறங்கியதும் சின்னம்மா ரோதா கேட்டாள்: "என்னடி, வெட்டலியா? மயக்க மருந்து குடுக்குறவனே சொந்தத் தாய்மாமன். அப்பவும் நம்ம பிள்ளைக்கு இடமில்லையாக்கும்!" நம் தாய்மாமன் பெட்ரோஸ் செத்ததிலிருந்து இந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பொறுப்பு, பெற்ற தகப்பனுக்கு இல்லை, உன் தலையில்தான் என்று அவள் இன்னும் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

உன் மச்சான் ஹரிசன் வழக்கம்போலத்தான். அவர் எப்போதுதான் எதைச் சொன்னார்? வலையை எடுத்துக்கொண்டு படகுக்குப் போய்விட்டார்.

உன் அக்கா
எஸ்னாத்


கரை, மாவட்ட ஆஸ்பத்திரி
17 ஏப்ரல் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் மனைவி, "அக்காவுக்கு என் சமையல் பிடிக்கலபோல" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஆகவே தண்டனை எனக்குக் கிடைத்துவிட்டது.

விஷயத்தைப் பொறுமையாகக் கேள். வெட்டுவது சர்ஜன் வேலை. அவர் வெட்டி முடிக்கும்வரை பிள்ளையின் மூச்சைக் கையில் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்திருப்பது என் வேலை. மயேசோவுக்கு இளைப்பு இருக்கிறது. அதற்குமேல் சளி பிடித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அந்த மாதிரி நேரத்தில் மூச்சுக்குழாய் எதைக் கண்டாலும் மிரளும். தொண்டையில் குழாய் போட்டால், மாமியாரைக் கண்ட வீட்டோட மாப்பிள்ளை மாதிரி ஒடுங்கிக்கொள்ளும். (ஹரிசன் மச்சான் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) ஒடுங்கினால் காற்று உள்ளே போகாது.

நான் படிப்பில் இருந்தபோது ஒரு சிறுமிக்கு இது நடந்ததைப் பார்த்தேன். இளைப்பு உண்டு என்பதை வீட்டார் சொல்லவில்லை. சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்கள் என்ற பயம். பிள்ளை மயங்கியதும் நெஞ்சு பூட்டிக்கொண்டது. மூச்சை உள்ளே தள்ளுகிற காற்றுப் பையை என்னிடம் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். பை கல்லாக இருந்தது. ரொம்ப நேரம் போராடிப் பிழைக்க வைத்தார்கள். அன்று முதல் எனக்கு இந்த விஷயத்தில் பயம் அதிகம். பயந்தாங்கொள்ளி என்று நீ திட்டினாலும் பரவாயில்லை.

நான் கேட்பதற்கு உண்மையாகப் பதில் எழுது. மயேசோ ராத்திரியில் இருமி எழுந்துகொள்கிறானா? ஓடினால் இளைக்கிறதா? போன வருஷத்தில் எத்தனை தடவை மூச்சுமுட்டி அங்குள்ள மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாய்? எது பட்டால் அவனுக்கு அதிகமாகிறது? புகையா, குளிரா, தூசியா? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?

ஜூன் மாதம் சர்ஜன் மறுபடி வருகிறார். அதற்குள் அவனைத் தேற்றிவிடலாம்.

உன் தம்பி
லாமெக்


தீவு
6 மே 1996

லாமெக்,

கேள்வி கேட்கிறதில் நீ பாதிரியாரைத் தோற்கடித்துவிட்டாய். சரி, பாவமன்னிப்புக்கு வந்தவள் மாதிரி சொல்லிவிடுகிறேன்.

ராத்திரியில் இருமுகிறான். தினமும் இல்லை, ஆனால் பல நாள். ஓடினால் இளைக்கிறது. இளைத்தாலும் ஓடுகிறான், அது வேறு விஷயம். மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போன வருஷம் இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போனேன். ஒரு தடவை உதடெல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது. அதை உன்னிடம் அப்போது சொல்லவில்லை. சொன்னால் அங்கிருந்தே நாலு பக்கத்துக்குப் புத்தி சொல்லுவாய்.

எது பட்டால் அதிகமாகிறது என்று கேட்கிறாயே, உனக்குத் தெரியாதா? நீ பிறந்த வீடுதானே? மீனுக்குப் புகை போடுகிற கொட்டகை வீட்டுக்குப் பின்னால் எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. தென்கிழக்குக் காற்று அடித்தால் புகை முழுக்க உள்ளேதான் வரும். "புகையை நிறுத்து" என்று அடுத்த கடிதத்தில் எழுதப்போகிறாய், தெரியும். புகையை நிறுத்தினால் அடுப்பும் நின்றுவிடும் தம்பி. ஹரிசன் பிடித்துக்கொண்டு வருகிற மீன் புகை போடாமல் கரைவரை தாங்குமா?

ஆனாலும் ஒன்று செய்திருக்கிறேன். மயேசோவை ராத்திரியில் சின்னம்மா வீட்டில் படுக்க வைக்கிறேன். அங்கே புகை இல்லை. குறட்டைதான் இருக்கிறது. "அம்மா, சின்னப் பாட்டி நெஞ்சுலயும் மாமாவக் குழல் வச்சுப் பாக்கச் சொல்லும்மா" என்கிறான்.

ஜூனில் வருகிறோம். இந்தத் தடவையும் திருப்பி அனுப்பினால் ஏரியில் உன் பெயரைச் சொல்லிக் குதிப்பேன்.

எஸ்னாத்


கரை
24 ஜூன் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எல்லோர் முன்னாலும் நீ கத்தியதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. "நீ மாமனா, எமனா?" என்று கேட்டாயே, அதை மட்டும் இங்கே நர்ஸுகள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். போகட்டும்.

காலையில் அவன் நெஞ்சில் குழலை வைத்தபோது விசில் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. மூச்சை விடும்போது நீளமாக இழுத்தது. கப்பல் தட்டில் யாரோ கரியடுப்பு வைத்துச் சமைத்ததாகச் சொன்னாய். அதுதான் கிளப்பிவிட்டிருக்கும். இளைப்பு மருந்து பம்ப் அடித்துப் பார்த்தேன். குறைந்தது, முழுசாகப் போகவில்லை. அவசரம் இல்லாத ஆபரேஷனுக்கு அந்த நெஞ்சோடு எந்தப் பிள்ளையையும் நான் மயக்கமாட்டேன். மயேசோவாக இல்லாமல் முன்பின் தெரியாத பிள்ளையாக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். என் அக்கா பிள்ளை என்பதால் கூடுதலாகப் பயந்தேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது. பழுப்பு நிற பம்ப் தினமும், காலையிலும் ராத்திரியிலும், இருமல் இல்லாத நாளிலும். நீல நிற பம்ப் இளைக்கும்போது மட்டும். இரண்டையும் நான் செய்து கொடுத்த பிளாஸ்டிக் பாட்டில் வழியாக அடி. நேராக வாயில் அடித்தால் மருந்து நாக்கில்தான் படியும். பழுப்பு பம்பை நம் சொந்தக்காரர்களின் பிள்ளைகள் இருமலுக்கெல்லாம் எடுத்துக் கொடுக்காதே. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும், கேட்டால் மறுக்கமாட்டாய். இந்த ஒன்றில் கஞ்சத்தனமாக இரு.

இன்னொன்று, கவனமாகப் படி. அந்த வீக்கம் எப்போதாவது கல் மாதிரி இறுகி, படுத்தும் உள்ளே போகாமல், வலித்து, வாந்தியும் எடுத்தான் என்றால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைக்காதே. உடனே மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஓடு. உள்ளே மாட்டிய குடல் அழுக ஆரம்பித்துவிடும்.

செப்டம்பர் தொடக்கத்தில் சர்ஜன் மறுபடி வருவார். இந்தத் தடவை கப்பலில் மேல்தட்டில் காற்றுப்படும் இடத்தில் உட்கார்.

லாமெக்


தீவு
9 ஜூலை 1996

லாமெக்,

செப்டம்பரும் வேண்டாம், உன் மேல்தட்டும் வேண்டாம்.

இங்கே மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஒரு புது டாக்டர் வந்திருக்கிறார். கலூவா என்று பெயர். சின்ன வயசுதான், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. மயேசோவைப் பார்த்தார். "இதுக்கு எதுக்கும்மா ஏரி தாண்டணும்? இந்த மாசக் கடைசில நானே செஞ்சுடுறேன்" என்றார். இளைப்பு இருக்கிறது என்றேன். "பார்த்துக்கலாம்" என்றார். பார்த்தாயா, ஒரே வார்த்தை. உன்னிடம் அந்த வார்த்தையை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

பழுப்பு பம்பைக் கொடுத்து வருகிறேன். இருமல் குறைந்திருக்கிறது. அதை ஒத்துக்கொள்கிறேன். குறைந்திருக்கும்போதே செய்துவிட வேண்டியதுதானே?

ஹரிசனுக்கும் சம்மதம். அதாவது, கேட்டேன், தலையாட்டினார். "நான் சம்மதிச்சு என்னத்துக்கு? உங்க வீட்டுப் பிள்ளை" என்றார். ஒன்பது வருஷம் இந்த வீட்டில் மீன் பிடித்துப் போட்டும் அந்த மனுஷர் இன்னும் விருந்தாளி மாதிரிதான் உட்காருகிறார்.

சின்னம்மா உன்னைக் கேட்காமல் ஆகாது என்கிறாள். அதற்காகத்தான் எழுதுகிறேன். சரி என்று ஒரு வரி எழுதிவிடு.

எஸ்னாத்


கரை
15 ஜூலை 1996

அக்கா,

இந்தக் கடிதத்தைச் சின்னம்மா ரோதாவுக்கும் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு.

கூடாது. அந்த டாக்டரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே மயக்க மருந்து கொடுப்பது தனியாகப் பயிற்சி இல்லாத ஒரு நர்ஸ். ஆக்சிஜன் பாதி நாள் இருக்காது. கரைக்குத் தகவல் சொல்லும் ரேடியோகூடச் சூரியன் வந்தால்தான் பேசும். நடுவில் நெஞ்சு பூட்டிக்கொண்டால் பிள்ளையைக் காப்பாற்ற அங்கே ஆள் இல்லை. "பார்த்துக்கலாம்" என்பது மருந்து இல்லை.

மயக்க மருந்து கொடுப்பவனாக இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். நீ கேட்கிற வழியாக இல்லை. அதனால் இப்போது மாமனாகச் சொல்கிறேன். பெட்ரோஸ் மாமா எனக்குக் கொடுத்துவிட்டுப் போன இடத்திலிருந்து சொல்கிறேன். நான் என் காதால் மயேசோவின் நெஞ்சைக் கேட்டுச் சரி என்று சொல்லும்வரை அவனை யாரும் மயக்கக்கூடாது, அவன்மேல் யாரும் கத்தி வைக்கக்கூடாது. இது தாய்மாமன் சொல்.

கோபித்துக்கொள். அவன் உயிரோடு இருந்தால் உன் கோபத்தை நான் தாங்கிக்கொள்வேன்.

லாமெக்


தீவு
12 ஆகஸ்ட் 1996

தம்பி,

ஒரு மாதம் உனக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன். இருந்துவிட்டேன், போதும்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் சின்னம்மா எழுந்து நின்றே கேட்டாள். முடிந்ததும், "இப்பத்தான் பெட்ரோஸ் பேசுற மாதிரி இருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் கலூவாவிடம் போய் அவளே சொல்லிவிட்டாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு விட்டுவிட்டார். போன வருஷம் ஒரு பெண்ணை அவள் மாமனைக் கேட்காமல் வெட்டினதற்கு ஊரே ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. அதற்கப்புறம் மாமன் சொல் இல்லாமல் அங்கே யாரையும் தொடுவதில்லை.

எனக்கு அன்றைக்கு உன்னைக் கடித்துத் தின்னலாம் போல இருந்தது. ஆனால் இப்போது சொல்லட்டுமா? நீ சொன்னது சரி. மயேசோ இருமி எழுந்து மூன்று வாரத்துக்குமேல் ஆகிறது. நீல பம்பைத் தொடவேயில்லை. நேற்றுப் படகுத்துறையிலிருந்து தேவாலயம்வரை ஏற்றத்தில் ஓடி, என்னை முந்திக்கொண்டு போய் நின்று, "அம்மா, நெஞ்சுல ஒண்ணும் பாடல!" என்றான். இளைப்புக்கு அவன் வைத்திருக்கிற பெயர் அது, நெஞ்சு பாடுகிறது என்பான். கொட்டகையையும் ஹரிசன் பிடுங்கி, பாறைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். நான் கேட்கவில்லை. அவராகவே செய்தார்.

செப்டம்பர் இரண்டாம் தேதிக் கப்பலில் வருகிறோம். உன் மனைவியிடம் சொல், அவள் சமையல் எனக்குப் பிடிக்கும். கொஞ்சம் உப்பு மட்டும் போடச் சொல்.

உன் அக்கா
எஸ்னாத்


தீவு
27 ஆகஸ்ட், செவ்வாய், மதியம்

லாமெக்,

இந்தக் கடிதத்தை ஹரிசன் படகில் கொண்டுவருகிறார். கப்பல் நேற்றே போய்விட்டது.

வீக்கம் காலையிலிருந்து உள்ளே போகவில்லை. கல்லாக இருக்கிறது. வாந்தி பச்சையாக வருகிறது. நீ எழுதினபடியே உடனே மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். டாக்டர் இப்போதே வெட்டணும் என்கிறார். சின்னம்மாவும் சொந்தக்காரர்களும் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாமன் சொல் வராமல் முடியாது என்கிறார்கள். நீ எழுதின இரண்டு கடிதத்தையும் காட்டினேன். "உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுன்னு எழுதுனது ஆஸ்பத்திரிக்காரன். கத்தி வைக்காதன்னு எழுதுனது மாமன்" என்கிறாள் சின்னம்மா. ரேடியோ செத்துக் கிடக்கிறது, நாலு நாளாக மேகம்.

ஹரிசன் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். "நீ யாருய்யா?" என்று கேட்டுவிட்டார்கள்.

நீ வா. வர முடியாவிட்டால் ஒரு சொல் அனுப்பு. சீக்கிரம்.

எஸ்னாத்


கரை
28 ஆகஸ்ட், காலை

சின்னம்மா ரோதாவுக்கும் எல்லோருக்கும்:

வெட்டுங்கள். நான் முன்பு சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அது அவசரமில்லாத நேரத்துக்குச் சொன்னது. இது தாய்மாமன் சொல். டாக்டர் சொல்வதெல்லாம் என் சொல்.

டாக்டர் கலூவாவுக்கு: விசில் சத்தம் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், குடல் காத்திருக்காது. முதலில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றை வடித்துவிடுங்கள். நரம்பில் தண்ணீர் ஏற்றுங்கள். நீல பம்பைப் பாட்டில் வழியாக ஆறு தடவை அடித்துவிட்டு, ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போடுங்கள். மயக்குவதற்கு கீட்டமின். நன்றாக ஆழ்ந்த பிறகே தொண்டையில் குழாய் போடுங்கள், அரைகுறை மயக்கத்தில் தொண்டையைத் தொடாதீர்கள். பை இறுகினால் பதறாமல் மயக்கத்தை ஆழப்படுத்திப் பம்ப் அடியுங்கள். அட்ரினலின் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அக்கா, மச்சான் ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே நனைந்துபோய் நிற்கிறார். என்னால் வர முடியவில்லை. பிரசவத்தில் ரத்தம் கொட்டுகிற ஒருத்தி என் முன்னால் படுத்திருக்கிறாள். ஒரு கையால் அவள் காற்றுப் பையைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எனக்கு மாற்று ஆள் இல்லை. நான் நகர்ந்தால் இவள் செத்துவிடுவாள். வர முடியவில்லை அக்கா.

லாமெக்


கரை
30 செப்டம்பர் 1996

அக்கா,

நான் வந்து சேர்ந்தபோது மண் மூடி இரண்டு நாள் ஆகியிருந்தது. மாமன் உட்கார வேண்டிய இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். எல்லோரும் வந்து என் கையைப் பிடித்தார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மாமன் சொல்லைக் காப்பாத்துனோம்" என்று சின்னம்மா என்னிடம் சொன்னாள். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள்.

நீ ந்சிமாவை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாய். நானும் உன்னிடம் வரப் பயந்து, ஒரு வாரம் ஒரே முற்றத்தில் இருந்துவிட்டுக் கப்பலேறி வந்துவிட்டேன்.

அந்த ராத்திரியும் மறுநாளும் என்ன நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மச்சானிடம் கேட்டேன். "நான் தண்ணியில இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். டாக்டர் கலூவா ஊரில் இல்லை. மயேசோவின் நெஞ்சு எப்படி இருந்தது? மயக்கும்போது பூட்டிக்கொண்டதா? இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் தெரியாமல் தூங்க முடியவில்லை.

அன்றைக்கு என் கையிலிருந்த பெண் பிழைத்துவிட்டாள். போன வாரம் பிள்ளையை எடுத்துக்கொண்டு நன்றி சொல்ல வந்தாள். நான் பின்வாசல் வழியாகப் போய்விட்டேன்.

என்னைத் திட்டு. நீ முன்பெல்லாம் திட்டுவாயே, அது மாதிரி நாலு பக்கத்துக்குத் திட்டி எழுது. நான் சரியாகத்தான் செய்தேன் என்று சர்ஜன் சொல்கிறார். புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. நெஞ்சு தெளியும்வரை காத்திருக்க வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் உன் வாயை அடைக்க வேண்டும் என்று அதை மாமன் சொல்லாக ஆக்கினேனே, அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

லாமெக்


தீவு
14 அக்டோபர் 1996

தம்பி,

திட்ட வரவில்லை. முயற்சி செய்து பார்த்தேன்.

கேட்டாய், சொல்கிறேன். மயேசோவின் நெஞ்சு சுத்தமாக இருந்தது. மயக்குவதற்கு முன் டாக்டர் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, "ஒரு சத்தமும் இல்ல" என்றார். மயங்கினபோதும் ஒன்றும் ஆகவில்லை. விழித்த பிறகும் ஆகவில்லை. குடல்தான் ஒரு முழம் கறுத்துப் போயிருந்தது. அதை வெட்டி எடுத்துத் தைத்தார். அதற்குள் விஷம் உடம்பு முழுக்க ஏறிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் போனான். கடைசிவரை மூச்சு நன்றாக விட்டான். நீ பயந்தது எதுவும் நடக்கவில்லை. அவன் நெஞ்சை நீ நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாய். இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை.

முந்தின நாளே வெட்டியிருந்தால்? டாக்டரிடம் கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், மீசை முளைக்காத பையன். அப்புறம் லீவு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை லாமெக். இருந்தால் சுலபமாக இருக்கும். நீ தப்பாகச் சொல்லியிருந்தால் இந்த ஜென்மம் முழுக்க உன்னை வெறுத்துக்கொண்டு இருந்திருப்பேன். நீ சரியாகச் சொன்னாய். சின்னம்மாவும் சரியாகத்தான் நடந்துகொண்டாள், அவளுக்குத் தெரிந்தவரை. அவளும் அந்த வராந்தாவில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஹரிசனுக்கு மட்டும் தெரியும்.

வெட்டியது உன் சொல் வந்த பிறகு இல்லை. ஹரிசன் உன் கடிதத்தோடு வந்து சேர்ந்தது புதன்கிழமை ராத்திரி, காற்று எதிரே. அன்று காலையிலேயே வெட்டியாகிவிட்டது. விடியும்போது மயேசோ என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, மாமா சரின்னு சொல்லிட்டாரா?" என்று கேட்டான். "சொல்லிட்டார்டா" என்றேன். பிள்ளையைத் தேற்றுவதற்காகச் சொன்னதுதான். சொன்ன பிறகுதான் எனக்கே அது காதில் விழுந்தது. எழுந்து வராந்தாவுக்குப் போனேன். "கரையிலேர்ந்து மீன் படகு வந்துச்சு. மாமன் சரின்னு சொல்லி அனுப்பிட்டார்" என்றேன். எந்தப் படகு, யார் வந்தது, காகிதம் எங்கே என்று கேட்பார்கள் என்று எதிர்பார்த்து நின்றேன். யாரும் கேட்கவில்லை. சின்னம்மா "ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு எழுந்து வழிவிட்டாள். டாக்டர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அந்த முந்தின நாள் முழுக்க நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைக்கிறாய்? அவர்களைக் கெஞ்சவில்லை, சண்டை போடவில்லை. நானும் உன் சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன். மயக்கினால் நெஞ்சு பூட்டிக்கொள்ளும் என்று நீ எழுதினது எனக்கும் மனசில் இருந்தது. வெட்ட விடாதது அவர்கள் மட்டுமில்லை, என் பயமும்தான். அவன் வலியில் கத்தக் கத்த ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வரிப் பொய். யாரும் திருப்பிக் கேட்காத பொய். செவ்வாய்க்கிழமை மதியமே சொல்லியிருக்கலாம் தம்பி. எனக்குத் தோன்றவில்லை.

எஸ்னாத்